மருந்துப் பெட்டி: பப்பாளிப் பாலும் பதினைந்து என்சைமும்

போன மாதம், சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது என்று எழுதிய ஒரு வாசகிக்குப் பதில் சொல்லும்போது, "என்சைம் மாத்திரை எல்லாருக்கும் வேண்டியதில்லை" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். (என்சைம் என்றால் சாப்பாட்டை உடைத்துச் செரிக்க வைக்கிற பொருள்.) இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பியவர்கள் பாதிப் பேர், என்னைத் திட்டியவர்கள் மீதிப் பேர். கோயம்புத்தூரில் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவள் நான், திட்டு ஒன்றும் புதிதில்லை. ஒன்றொன்றாகப் பார்ப்போம்.

பெங்களூரில் இருக்கும் மகன் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறான். முழுக்கத் தாவர என்சைம், 15 வகை என்று போட்டிருக்கிறது. ஒரு கேப்சூல் 500 மி.கி. எனக்கு வயது 63. சாப்பாட்டுக்குப் பின் வயிறு கனக்கிறது, ஏப்பம் வருகிறது. மலம் வழக்கம்போலத்தான் போகிறது. தினமும் இரண்டு போடலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கரூர்

டீச்சர், நீங்கள் அனுப்பிய லேபிளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாவை உடைக்கும் ஆமிலேஸ், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ், கொழுப்பை உடைக்கும் லிபேஸ், நாரை உடைக்கும் செல்லுலேஸ், பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ், பப்பெயின், புரோமெலைன் என்று பெயர்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒன்றின் பக்கத்திலாவது யூனிட் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. கீழே மொத்தமாக "என்சைம் கலவை 500 மி.கி." என்பதோடு சரி. என்சைமை எடை போட்டுச் சொல்வதில் பொருளே கிடையாது. எவ்வளவு மாவை, எவ்வளவு கொழுப்பை அது உடைக்கிறது என்பதுதான் அதன் அளவு. ஒழுங்கான லேபிளில் ஆமிலேஸுக்கு டி.யு., புரோட்டியேஸுக்கு ஹெச்.யு.டி., லிபேஸுக்கு எஃப்.ஐ.பி., லாக்டேஸுக்கு ஏ.எல்.யு. அல்லது எஃப்.சி.சி. யூனிட் என்று இருக்கும். அது இல்லாத பாட்டிலில் 15 பெயர் இருந்தாலும் 50 பெயர் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான். பதினைந்தையும் 500 மில்லிகிராமுக்குள் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

"முழுக்கத் தாவர" என்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். அந்தப் பட்டியலில் செடியிலிருந்து வருவது பப்பாளியின் பப்பெயினும், அன்னாசித் தண்டின் புரோமெலைனும்தான். ஆமிலேஸ், லிபேஸ், லாக்டேஸ் எல்லாம் பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையைத் தொட்டியில் வளர்த்து எடுப்பவை. அதில் குற்றம் ஒன்றுமில்லை, சைவக்காரர்களும் சாப்பிடலாம். ஆனால் பாட்டிலின் மேல் போட்டிருக்கும் பச்சை இலைப் படத்துக்கும் அந்தத் தொட்டிக்கும் ரொம்ப தூரம்.

உங்கள் வயிற்றுக்கு வருகிறேன். நம் உடம்பில் செரிமான என்சைம்களைப் பெரும்பாலும் தருவது கணையம், அது தாராளமாகச் சுரக்கிற உறுப்பு. கொழுப்பை உடைக்கும் லிபேஸ் வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போன பிறகுதான் மலத்தில் கொழுப்பு கழியும். அப்படிக் கழிந்தால் தெரியாமல் போகாது: வெளுத்து, எண்ணெய் மினுக்காக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் மிதக்கும், நாற்றமும் சாதாரண நாற்றமாக இருக்காது. உங்களுக்கு அப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆக என்சைம் குறைவு என்று நினைக்க இப்போதைக்குக் காரணம் இல்லை.

இந்தக் கனம் எப்போது ஆரம்பித்தது என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அதுதான் முக்கியம். அறுபதைத் தாண்டி, புதிதாக, சில மாதங்களாகத்தான் என்றால் பாட்டிலைத் திறக்காதீர்கள், முதலில் குடல் மருத்துவரைப் பாருங்கள். எடை குறைவது, சாப்பாடு இறங்கும்போது அடைப்பது, மலம் தார் போலக் கறுப்பது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, இவற்றில் ஒன்று இருந்தால் அடுத்த வாரம் என்று தள்ளவே வேண்டாம். ஏப்பம் வராமல் மாத்திரை அமுக்கிக்கொண்டிருக்க, உள்ளே இருக்கும் புண்ணோ கட்டியோ ஆறு மாதம் வளர்ந்துவிடும். எனக்கு இந்தப் பாட்டில்கள் மேல் இருக்கும் பெரிய கோபம் அதுதான், காசு போவதுகூட இரண்டாம் பட்சம். மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், மகன் அனுப்பியதை வீணாக்க மனமில்லை என்றால், இரண்டு வாரம் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் நிறுத்திவிடுங்கள். மகனிடம் நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

எங்கள் தோட்டத்தில் பப்பாளிக் காயில் பால் எடுக்கிறோம். கம்பெனி வண்டி வந்து வாங்கிப் போகிறது. இந்தப் பால்தான் செரிமான மாத்திரையில் போகிறது என்கிறார்கள். கையில் பட்டாலே எங்களுக்குத் தோல் உரிகிறது. இதை எப்படிச் சாப்பிடுகிறார்கள்?
– இளம் விவசாயி, உடுமலைப்பேட்டை அருகே

தம்பி, இத்தனை கடிதத்திலும் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி உன்னுடையது. என் பெரியம்மா வீட்டிலும் பால் எடுக்கிற தோட்டம் இருந்தது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன். காய் பிடித்து இரண்டரை, மூன்று மாதம் ஆன முற்றாத பச்சைக் காய்தான் இதற்கு ஆகும். விடிகாலையில் போக வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், பத்து மணிக்கு மேல் கத்தியைத் தொட மாட்டார்கள். காம்பிலிருந்து நுனி வரைக்கும் மேலோட்டமாக நாலு கீறல். ஆழமாகப் போனால் சதை கெட்டுவிடும். கீறினதுமே வெள்ளையாகப் பால் சொட்டும், கொஞ்ச நேரத்தில் தயிர் மாதிரி உறைந்து காயிலேயே ஒட்டிக்கொள்ளும், அதையும் சுரண்டி எடுப்பார்கள். மூன்று நான்கு நாள் விட்டு, கீறாத இடத்தில் மறுபடி கீறல். அப்படி மூன்று நான்கு முறை. இரும்புப் பாத்திரம் ஆகாது, பால் நிறம் மாறிவிடும். பிறகு பொட்டாசியம் மெட்டா பைசல்ஃபைட் துளி கலந்து, 50–55 டிகிரி சூட்டில் உலர்த்திப் பொடியாக்குவார்கள். அதுதான் கச்சா பப்பெயின். சூடு அதிகமானால் எடை அப்படியே இருக்கும், வீரியம் செத்துவிடும். மேலே டீச்சருக்கு யூனிட், யூனிட் என்று அடித்துக்கொண்டேனே, அதன் காரணம் இதுதான்.

கோவை வேளாண் பல்கலைக்கழகம் இதற்கென்றே ரகம் கொடுத்திருக்கிறது. கோ 2 சாப்பிடவும் ஆகும், பாலுக்கும் ஆகும். 1985-ல் வந்த கோ 5 பாலுக்காகவே தேர்ந்தெடுத்தது, ஒரு காய்க்கு 14–15 கிராம் உலர்ந்த பப்பெயின் கிடைக்கும் என்று அவர்கள் கணக்கு. பால் எடுத்து முடித்த காயும் வீணில்லை. கீறல் தழும்போடு இருப்பதால் சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள், ஆனால் பேக்கரியில் பன்னுக்குள் சிவப்பும் பச்சையுமாக இருக்கிறதே டூட்டி ஃப்ரூட்டி, அது பெரும்பாலும் பச்சைப் பப்பாளிக் காய்தான்.

உன் பால் எங்கே போகிறது? மாத்திரைக்கும் போகும், ஆனால் அது மட்டுமில்லை. பீர் குளிர்ந்தால் கலங்காமல் இருக்க, இறைச்சி மெத்தென்று வேக, தோல் பதனிட, புரதத்தை உடைத்துப் பவுடர் தயாரிக்க என்று பல ஆலைகளுக்குப் போகிறது. எல்லாவற்றிலும் அதற்கு ஒரே வேலை, புரதத்தை வெட்டுவது. நம் வீட்டுச் சமையல்காரர்களுக்கு இது புதிதா என்ன? ஆட்டுக்கறி முற்றலாக இருந்தால் குக்கரில் ஒரு துண்டு பப்பாளிக் காய் போடுவார்களே. உன் கைத் தோலும் புரதம்தான். கறியை வேக வைக்கிற அதே வேலையை உன் விரலிலும் செய்கிறது.

அப்படியானால் வயிற்றை ஏன் அரிக்கவில்லை? ஒன்று, மாத்திரையில் இருப்பது கொஞ்சம். இரண்டு, இரைப்பைக்கு உட்புறமாகச் சளிப்படலம் போர்த்தியிருக்கிறது, நம்முடைய பெப்சினே அங்கே நாள் முழுக்கப் புரதத்தை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது. மூன்றாவது காரணம் கம்பெனிக்காரருக்குப் பிடிக்காது: பப்பெயின் நடுத்தரமான புளிப்பிலும் நன்றாக வேலை செய்யும், ஆனால் வெறும் இரைப்பையின் கடுமையான அமிலத்தில் அதில் நிறையப் பகுதி செத்துவிடும். ஆகவே பாட்டிலில் இருந்த வீரியம் அப்படியே குடல் வரை போய்ச் சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. அஜீரணத்துக்குப் பப்பெயின் மட்டும் தனியாக நின்று பெரிய பலன் தந்தது என்று சொல்ல நல்ல ஆதாரமும் என் கண்ணில் படவில்லை.

உனக்கு நான் சொல்ல வேண்டியது வேறு. கையுறை போடு. பொடியாக்குகிற இடத்தில் வேலை செய்தால் முகக்கவசமும் கட்டாயம். பப்பெயின் தூசியைத் தொடர்ந்து சுவாசிக்கும் ஆட்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்த விஷயம். கண்ணில் தெறித்தால் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு நேரே கண் மருத்துவரிடம் போ, வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உங்கள் வீட்டில் யாருக்காவது ரப்பர் கையுறை போட்டால் தடிக்கும், வாழைப்பழம், கிவி சாப்பிட்டால் வாய் அரிக்கும் என்றால், அவர்களைப் பால் எடுக்க அனுப்பாதே, பப்பெயின் மாத்திரையும் கொடுக்காதே. ரப்பர்ப் பாலுக்கு ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குப் பப்பாளியும் சேராது. கர்ப்பிணிகளுக்கும் இந்த மாத்திரை வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள், பப்பெயினோ புரோமெலைனோ மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மகனுக்கு 26 வயது. சிறு வயதிலிருந்தே அடிக்கடி வயிற்று வலி. இப்போது சர்க்கரையும் வந்துவிட்டது. ஸ்கேனில் கணையத்தில் கல் இருக்கிறது என்றார்கள். கொடுத்த கேப்சூல் பன்றிக் கணையத்திலிருந்து எடுத்தது என்று மருந்துக்கடையில் சொன்னார்கள். நாங்கள் சுத்த சைவம். பதிலாகச் செடியிலிருந்து எடுத்த என்சைம் கொடுக்கலாமா?
– தாய், கும்பகோணம்

அம்மா, மேலே எழுதியதெல்லாம் உங்கள் மகனுக்குப் பொருந்தாது. அவருக்கு நிஜமாகவே என்சைம் குறைவு இருக்கிறது. தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும், மது வாசனையே தெரியாத இளைஞர்களுக்குக் கணையத்தில் கல் உருவாகிற நோய் ஒன்று இருக்கிறது. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் போன்றவர்கள் 1960-களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். சின்ன வயதில் வயிற்று வலி, வாலிபத்தில் சர்க்கரை, நீங்கள் எழுதியிருப்பது அப்படியே அந்தப் படம்தான். அந்தக் காலத்தில் இவர்கள் நடுத்தர வயதைப் பார்ப்பதே அபூர்வம். இன்று நிலைமை அப்படி இல்லை, அதற்கு இந்தக் கேப்சூலும் ஒரு காரணம்.

நேராகச் சொல்கிறேன்: அந்தக் கேப்சூலுக்கு ஈடாகச் செடி என்சைம் எதுவும் இல்லை. பப்பெயினும் புரோமெலைனும் புரதத்தை மட்டும்தான் வெட்டும், உங்கள் மகனுக்குக் கொழுப்பை உடைக்கிற லிபேஸ் வேண்டும். பூஞ்சை லிபேஸ் கடையில் விற்கிறது, ஆனால் இந்த நோயில் பன்றிக் கணையச் சாறுக்குச் சமமாக அது நிற்கவில்லை. இந்தக் கேப்சூலின் உள்ளே கடுகைவிடச் சிறிய உருண்டைகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அமிலத்தில் கரையாத பூச்சு. இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலுக்குப் போன பிறகுதான் பூச்சு கரைந்து மருந்து வெளியே வரும். வேலை செய்வதே அந்தப் பூச்சினால்தான். அட்டையில் இலைப் படம் போட்ட மாத்திரையில் அது பெரும்பாலும் கிடையாது.

சைவம் என்ற உங்கள் சங்கடத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. இதே கேள்வியோடு என் கடைக்கு வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். பன்றி என்ற காரணத்தால் தயங்கும் இஸ்லாமியக் குடும்பங்களும் உண்டு. அவர்களில் பலர் தங்கள் மதப் பெரியவரிடம் போய்க் கேட்டு, உயிர் காக்கும் மருந்து, மாற்று இல்லை என்பதால் எடுத்துக்கொள்ளலாம் என்று மனம் தெளிந்து வந்தார்கள். நீங்களும் நீங்கள் மதிக்கிற ஒருவரிடம் கேளுங்கள். முடிவு உங்கள் மகனுடையது. ஆனால் அவர் முடிவெடுக்கிற வரைக்கும் மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள்.

எடுத்துக்கொள்கிற விதம் பல பேருக்குச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாலும் கூடாது, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகும் கூடாது. முதல் கவளத்தோடு ஒன்று, இரண்டு என்று சொல்லியிருந்தால் மற்றது பாதிச் சாப்பாட்டில். சோறும் குழம்பும் என்சைமும் ஒன்றாகக் குடலுக்குள் இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. மென்று விழுங்கக் கூடாது. கேப்சூலை விழுங்க முடியாவிட்டால் திறந்து, உருண்டைகளை ஆறின, புளிப்பான எதிலாவது, ஒரு ஸ்பூன் தயிர் போல, கலந்து உடனே விழுங்கித் தண்ணீர் குடிக்கலாம். சூடான பாலிலோ ரசத்திலோ போடக் கூடாது. மாலையில் வடை, முறுக்கு என்று சாப்பிட்டால் அதற்கும் கேப்சூல் உண்டு, வெறும் டிகாக்‌ஷன் காபிக்கு வேண்டாம். எண்ணெயே ஆகாது என்று பயந்து வெறும் கஞ்சியாகக் கொடுத்து இளைக்க வைக்காதீர்கள். இன்னொன்று: கேப்சூல் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்தால் சாப்பிட்டது உடம்பில் ஒட்டும், சர்க்கரையும் ஏறலாம். இன்சுலின் அளவை மாற்ற வேண்டியிருக்குமா என்று மருத்துவரைக் கேளுங்கள். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறைந்திருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்து மாதக் குழந்தை பால் கக்குகிறது, அழுகிறது. பக்கத்து வீட்டு அக்கா என்சைம் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தார். எத்தனை சொட்டு?
– இளம் தாய், ஓசூர்

ஒரு சொட்டும் வேண்டாம் கண்ணு. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். குழந்தைக்குக் கணையச் சுரப்பு குறைவாக இருக்கும் என்பது தெரிந்துதானோ என்னவோ, கொழுப்பை உடைக்கிற லிபேஸ் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. கக்குவது பச்சை நிறமாக இருந்தாலோ, பீய்ச்சி அடித்தாலோ, எடை ஏறாமல் இருந்தாலோ உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டு. அக்காவிடம் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடு.

காபி குடித்தால் வயிறு கடமுடா என்கிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லை, லாக்டேஸ் மாத்திரை போடு என்று தோழி சொல்கிறாள். காபியை விட முடியாது.
– வங்கி ஊழியர், ஈரோடு

காபியை விடச் சொல்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. பாலில் இருக்கிற சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கிற லாக்டேஸ், பால்குடி மறந்த பிறகு பெரும்பாலான மனிதர்களுக்குக் குறைந்துவிடும். தெற்கத்தியர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு அப்படி என்று பழைய ஆய்வு ஒன்று காட்டியது, வடக்கே நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகம். ஆனால் அப்படிக் குறைந்தவர்களிலும் அநேகம் பேர் ஒரு வேளைக்கு 12 கிராம் வரை லாக்டோஸைத் தொந்தரவில்லாமல் தாங்குவார்கள். உங்கள் டம்ளர் காபியில் பால் 100 மில்லி இருக்குமா? அதில் 5 கிராம்தான். ஆகவே பழியைப் பால் மேல் போடுவதற்கு முன், காலையில் வெறும் வயிற்றில் குடிக்கிற அந்த முதல் டிகாக்‌ஷன் மேல் போட்டுப் பாருங்கள். இரண்டு இட்லி சாப்பிட்ட பிறகு குடியுங்கள். அதற்கும் அடங்கவில்லை, பாயசம், பால்கோவா என்றால் ஓட வேண்டியிருக்கிறது என்றால் லாக்டேஸ் நிஜமாகவே உதவும். இந்த மாதிரி மாத்திரைகளில் காசுக்கு மரியாதை செய்கிற சிலவற்றில் அது ஒன்று. லேபிளில் குறைந்தது 4500 எஃப்.சி.சி. யூனிட் இருக்க வேண்டும், பால் சாப்பிடும்போதே போட வேண்டும். தயிருக்கு மாத்திரை தேவைப்படாது, உறை போட்ட கிருமிகளே அந்த வேலையைப் பாதி பார்த்துவிடுகின்றன.

அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை உண்டு. காலையில் பான்டோபிரசோல், சாப்பிட்டதும் பெப்சின்–டயஸ்டேஸ் சிரப் இரண்டு ஸ்பூன். பல வருடமாக இதுதான் பழக்கம். தொடரலாமா?
– அரசு ஊழியர், விருதுநகர்

பெப்சின் வேலை செய்யக் கடுமையான அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அந்த அமிலத்தை அடைத்துப் பூட்டுகிற மாத்திரை. காலையில் அடுப்பை அணைத்துவிட்டு மத்தியானம் உலை வைக்கிறீர்கள். போதாததற்கு, அதே பாட்டிலில் இருக்கிற டயஸ்டேஸ் மிதமான புளிப்பில்தான் வேலை செய்யும். பெப்சினுக்குத் தோதான இடம் அதற்கு ஆகாது.

இந்த டயஸ்டேஸுக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஜப்பானியர் ஜோகிச்சி தகாமினே, தம் ஊரில் அரிசியைப் புளிக்க வைக்கிற கோஜிப் பூஞ்சையைக் கோதுமைத் தவிட்டில் வளர்த்து, விஸ்கி தயாரிக்க அமெரிக்காவுக்குக் கொண்டு போனார். அதிலிருந்து எடுத்த மாவுடைக்கும் என்சைமுக்கு 1894-ல் காப்புரிமை வாங்கினார். பார்க்–டேவிஸ் கம்பெனி அதை அஜீரண மருந்தாக விற்றது. இன்றைக்கும் நம் சிரப்புகளில் பூஞ்சை டயஸ்டேஸ் என்று இருப்பது அந்த வழியில் வந்ததுதான். ஆனால் பழமை இருக்கிறது என்பதற்காக அதில் பெப்சினையும், ஏலக்காயையும், இன்னும் நாலு பொருளையும் கலந்து விற்க வேண்டியதில்லை. 2024 ஆகஸ்டில் மத்திய அரசு 156 கூட்டு மருந்துகளைத் தடை செய்தபோது அந்தப் பட்டியலில் செரிமான என்சைம் கலவைகளும் இருந்தன. அப்பாவின் பாட்டிலை மருந்துக்கடையில் காட்டி விசாரியுங்கள்.

சர்க்கரை வியாதிக்காரருக்குச் சிரப்பின் இனிப்பே ஒரு பிரச்சினை. சர்க்கரை இல்லாத வகை என்றால் அதில் சார்பிட்டால் என்ற மாற்று இனிப்பு இருக்கும், அதுவே சிலருக்கு வயிற்றை உப்ப வைக்கும். சிரப்பை நிறுத்துவதால் ஒன்றும் ஆகாது. பான்டோபிரசோலை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், பல வருடம் போட்டதைத் திடீரென்று விட்டால் அமிலம் பொங்கும். இன்னும் தேவையா என்று மருத்துவரைக் கேளுங்கள். அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறாரா? உப்புசத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜிம்முக்குப் போகிறேன். தாவரப் புரோட்டீன் பவுடரில் என்சைம் கலவையோடு குர்குமின், பைப்பரின் எல்லாம் சேர்த்திருக்கிறார்கள். நல்லதுதானே?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பட்டாணிப் புரதத்தைச் செரிக்க இருபது வயதுக் கணையத்துக்கு யாருடைய உதவியும் வேண்டாம். ஒரே மடக்கில் இரண்டு ஸ்கூப் குடிப்பதை நிறுத்தினாலே உப்புசம் பாதி குறையும். எனக்குக் கவலை மஞ்சளிலிருந்து எடுக்கிற அந்தக் குர்குமினும், மிளகிலிருந்து எடுக்கிற பைப்பரினும்தான். குழம்பில் போடுகிற மஞ்சளும் மிளகும் வேறு, இது வேறு. மஞ்சளில் குர்குமின் கொஞ்சமாகத்தான் இருக்கும், அதிலும் பெரும்பகுதி உடம்பில் சேராமலே வெளியே போய்விடும். 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள், 20 மி.கி. பைப்பரின் சேர்த்துக் கொடுத்தால் இரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு ஏறுகிறது என்று காட்டினார்கள். அன்றிலிருந்து எல்லாக் கேப்சூலிலும் மிளகுச் சத்து. ஈரல் ஒரு பொருளை மாற்றி வெளியேற்றுகிற வழியை மிளகுச் சத்து மந்தமாக்குகிறது, அதுதான் சூட்சுமம். அப்படி மந்தமாக்கினால் குர்குமின் மட்டுமா தங்கும்? வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிடாய்ன் போன்ற மருந்துகளும் தங்கும். செறிவூட்டிய மஞ்சள் கேப்சூலால் ஈரல் வீங்கி மஞ்சள் காமாலையோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பதிவாகியிருக்கிறார்கள். எல்லாருக்கும் வராது, வந்தால் சாதாரணமாக இருக்காது. நீ வேறு மருந்து எடுத்தால் இந்த டப்பாவைத் தொடாதே. சிறுநீர் டீ நிறமானால், கண் மஞ்சளானால் அன்றே நிறுத்து, அன்றே மருத்துவரைப் பார்.

டப்பாவின் பின்பக்கம் "நாட் ஃபார் மெடிசினல் யூஸ்" என்று பொடி எழுத்தில் இருக்கும், படித்துப் பார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் இருக்க வேண்டும்.

பல் பிடுங்கிய பிறகு கொடுத்த மாத்திரையும் என்சைம் என்கிறார்கள். அது செரிமானத்துக்கா?
– வாசகர், திருத்தணி

இல்லை, வீக்கம் வடியட்டும் என்று கொடுப்பது. டிரிப்சின்–கைமோடிரிப்சின் மாட்டுக் கணையத்திலிருந்து வருகிறது. செராஷியோபெப்டிடேஸ், பட்டுப்புழுவின் குடலில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து வருகிறது. இந்த இரண்டாவதைத் தயாரித்த ஜப்பானியக் கம்பெனியே, மறு ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2011-ல் அங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. இங்கே இன்னும் சீட்டில் வருகிறது. மூன்று நாள் மாத்திரைதானே, பெரிதாகக் கவலைப்பட வேண்டாம்.

எனக்கு 78. பல் செட் சரியில்லை. கேழ்வரகுக் கூழ் கெட்டியாக இருந்தால் இறங்கவில்லை, தண்ணீர் விட்டால் சத்து இல்லை. என்சைம் பவுடர் போட்டால் இளகும் என்று பேரன் சொல்கிறான். உண்மையா?
– பாட்டி, தர்மபுரி

உண்மை அம்மா, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, அது உங்கள் கேழ்வரகிலேயே இருக்கிறது. தானியம் முளைவிடும்போது, தன் மாவைத் தானே சர்க்கரையாக்கிக்கொள்ள ஆமிலேஸ் சுரக்கும். பரோடா பல்கலைக்கழகத்து ஊட்டச்சத்துத் துறையினர் குழந்தைகளின் கஞ்சிக்கு இதைத்தான் பயன்படுத்திக் காட்டினார்கள். கேழ்வரகை ஓர் இரவு ஊற வைத்து, துணியில் கட்டி, முளை நன்றாக வரும் வரைக்கும் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். வாணலியில் லேசாகச் சூடு காட்டினால் போதும், மணம் வர வறுத்தால் என்சைம் செத்துவிடும். முளையைத் தேய்த்து எடுத்துவிட்டு அரைத்து வையுங்கள். பூஞ்சை பிடித்த வாடை வந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

வழக்கம்போலக் கெட்டியாகவே கூழைக் காய்ச்சுங்கள், கரண்டி நிற்கிற பதத்துக்கு. இறக்கி, விரல் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு ஆற விட்டு, ஒரு டீஸ்பூன் முளைமாவைத் தூவிக் கிளறுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் கரண்டியிலிருந்து ஒழுக ஆரம்பிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை, மாவு குறையவில்லை, ஆனாலும் குடிக்கிற பதம். நாக்கில் கொஞ்சம் இனிப்பும் தெரியும். உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருந்தால் அதை மட்டும் நினைவில் வையுங்கள், கூழ் சீக்கிரம் செரித்துச் சர்க்கரையை ஏற்றும், அளவைக் குறைத்துக் குடிக்க வேண்டும். தூவியது பச்சை மாவு என்பதால் இளகிய பிறகு மறுபடி அடுப்பில் வைத்து ஒரு கொதி விடுங்கள். பிறகு மோரோ, உப்போ, சின்ன வெங்காயமோ, உங்கள் இஷ்டம்.